டிராலி ஸ்பீக்கர்: சத்தத்துக்கு நாலு ஸ்டார், புளூடூத்துக்கு ஒண்ணு

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் பி.இ.டி. வாத்தியார். பழைய மாணவர்கள் காசு சேர்த்து இந்த 12 இன்ச் டிராலி ஸ்பீக்கரை 9,500 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தார்கள். கூடவே இரண்டு கார்டுலெஸ் மைக், ஒரு ரிமோட். எட்டு மாதமாகக் காலை பிரேயருக்கு ஓடுகிறது.

பிரேயர் என்பது பேருக்குத்தான். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், செய்தி, நாட்டுப்பண், அவ்வளவுதான். ஆனாலும் நான் படித்த காலத்திலிருந்தே அது ‘பிரேயர் பெல்’தான்.

சத்தம் அருமை. கடைசி வரிசை வரை குறள் தெளிவாகப் போகிறது. கடற்காற்று மைக்கில் புகுந்து புஸ்ஸென்று இரைந்தது. ஸ்பாஞ்ச் உறை மாட்டியதும் அடங்கிவிட்டது. முன்பக்க வலை மட்டும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்தைப் பென்டிரைவில் போடுவதில்லை. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக்கிய அரசாணை, விழாக்களில் இசைத்தட்டு வேண்டாம், ஆட்களே பாடட்டும் என்கிறது. எங்கள் பிள்ளைகளும் பாடுகிறார்கள். 55 விநாடிதான் கணக்கு, இவர்கள் இழுக்கிற இழுப்பில் எழுபதைத் தொடும்.

வினையே புளூடூத்தில்தான். கடவுச்சொல் கிடையாது, எந்த போன் கூப்பிட்டாலும் ஒட்டிக்கொள்ளும். ஆடி வெள்ளியன்று உறுதிமொழி பாதியில் இருக்க, கேட்டுக்கு வெளியே யாருடைய போனிலிருந்தோ அம்மன் பாட்டு அலற ஆரம்பித்தது. பாதிப் பிள்ளைகள் கைகூப்பினார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். மைக்கைப் பிடித்திருந்த ஏழாம் வகுப்புப் பெண், தலையில் முக்காடு, என்னையே பார்த்தபடி நின்றாள். ரிமோட்டோ ஆபீஸ் மேசையில்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். கோபமெல்லாம் இல்லை. “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு சார். எங்க போனும் ஒரு நாள் கனெக்ட் ஆவுமா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர், “தினமும் ஒரு சாமி பாட்டு போட்டா என்ன சார், பிள்ளைங்க அடங்கி நிக்கும்” என்றார். ஹெச்.எம். அரசியல் சாசனம் 28-வது பிரிவை எடுத்தார்: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. பாட்டு போதனையாகுமா என்று டீச்சர் விடவில்லை. நியாயமான கேள்விதான். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் காலையில் பாடும் வழிபாட்டுப் பாடலை எதிர்த்த வழக்கைக்கூட 2019-இல் அரசியல் சாசன அமர்வு விசாரிக்கட்டும் என்றுதான் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனுப்பினார்கள்.

என்னைக் கேட்டால், மைக்கில் வேண்டாம். நான் படித்தது உதவி பெறும் பள்ளி. அங்கே வழிபாட்டில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. எங்கள் அப்பாவை யாரும் கேட்டதில்லை. ஐந்து வருஷம் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்தேன்.

இப்போது நாட்டுப்பண்ணுக்கு முன் ஒரு நிமிஷம் மௌனம். வேண்டுகிறவர்கள் மனசுக்குள் வேண்டிக்கொள்ளலாம். அந்த அமைதியில் ஸ்பீக்கர் ‘ஙொய்’ என்று முனகுவது கேட்கிறது, அணைத்துவிடுவேன். திரும்பப் போடும்போது ‘டப்’பென்று வெடிக்கும், ஒன்றாம் வகுப்பு மொத்தமும் துள்ளும். அதற்கும் சேர்த்து அரை ஸ்டார் குறைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு வாங்குகிறவர்கள் புளூடூத்தை அணைத்து வைக்கத் தனி ஸ்விட்ச் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். இதில் இல்லை.