ஷட்டில்வொர்த்தோடு விண்வெளிக்குப் போய்வந்த பேட்ச் என்று ஒருவர் விற்கிறார், வாங்காதீர்கள்

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் மிஷன் பேட்ச், அதாவது ஒவ்வொரு விண்வெளிப் பயணத்துக்கும் செய்கிற துணிச் சின்னம், சேர்க்கிற நம்மவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இது. 4,500 ரேண்ட் கொடுத்து நான் வாங்கியது போலி. விற்றவர் ஜோகன்னஸ்பர்க் பக்கம் பழைய நாணயம், தபால்தலை எல்லாம் விற்கிறவர், நிதானமாகப் பேசுவார், எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.

மார்க் ஷட்டில்வொர்த் 2002 ஏப்ரல் 25 அன்று ரஷ்யாவின் சோயுஸ் டிஎம்-34 கலத்தில் கிளம்பினார். 27-ம் தேதி, நம்முடைய சுதந்திர தினத்தன்று, கலம் விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. விண்வெளிக்குப் போன முதல் தென்னாப்பிரிக்கக் குடிமகன் அவர்தான். அந்தப் பயணத்தின் பேட்ச் என்றால் இங்கே யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும், அதை வைத்துத்தான் இந்த ஆள் பிழைக்கிறார்.

ஏவும்போது அவர் போட்டிருந்த சோகோல் என்கிற ரஷ்ய விண்வெளி உடையில் தைத்திருந்தது, பிறகு பிரித்தெடுத்தது என்றார். பார்சல் வந்ததும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் பளபளவென்று ஒரு படலம், இஸ்திரி போட்டு ஒட்டுகிற பேட்ச்களில் இருக்குமே, அதேதான். லென்ஸ் வைத்துச் சுற்றிலும் பார்த்தாலும் அந்தப் படலத்தில் ஓர் ஊசித்துளை கிடையாது. தைத்துப் பிரித்ததென்றால் விளிம்பில் துளை இருக்கும், நூல் பிசிறாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் சான்றிதழ். டிஎம்-34-ல் போய், அதே கலத்தில் 2002 மே 5 அன்று திரும்பியதாக எழுதியிருந்தது. தேதி சரி, கலம் தவறு. சோயுஸ் கலத்தைச் சுமார் ஆறு மாதத்துக்கு மேல் சுற்றுப்பாதையில் வைத்திருக்க முடியாது என்பதால், அந்தக் காலத்தில் இப்படி வருகிற குழு புதுக் கலத்தை நிலையத்தில் விட்டுவிட்டு அங்கே ஏற்கெனவே நிற்கிற பழையதில் இறங்கும். ஷட்டில்வொர்த், யூரி கிட்ஸென்கோ, ராபர்ட்டோ விட்டோரி மூவரும் இறங்கியது டிஎம்-33-ல். டிஎம்-34 அந்த நவம்பரில்தான் வேறு மூவரோடு தரையிறங்கியது.

இதைச் சொல்லிப் பணத்தைக் கேட்டால், அச்சுப் பிழை என்றார். மறுநாளே வாட்ஸப்பில் புதுச் சான்றிதழ் வந்தது, அதே எண், அதே கையெழுத்து, டிஎம்-33 என்று மட்டும் மாற்றி! நினைத்த நேரத்தில் அடித்துத் தருகிற தாளுக்கு என்ன மதிப்பு? அதைக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அவரிடம் நிலவில் போட்டிருந்த உடையிலிருந்து எடுத்ததாக ஓர் அப்போலோ 11 எம்ப்ராய்டரி பேட்சும் விலைக்கு இருக்கிறது. அதையும் நம்பாதீர்கள். 1967-ல் அப்போலோ 1 தீ விபத்தில் மூன்று பேர் இறந்த பிறகு, விண்வெளி உடைகளுக்குத் தீப்பிடிக்காத பீட்டா துணி வந்தது, கண்ணாடி இழையில் நெய்தது. உடையில் தைத்த சின்னங்களையும் அந்தத் துணியில் அச்சடித்துத்தான் வைத்தார்கள், நூல் வேலைப்பாடு கிடையாது. நினைவுப்பொருளாக வாங்க வேண்டுமென்றால், நாசாவுக்குப் பல ஆண்டுகளாக பேட்ச் தைத்துத் தரும் வட கரோலினாவின் ஏ-பி எம்ப்ளம் நிறுவனத்திடமே பழைய மிஷன்களின் பேட்ச் சில டாலருக்குக் கிடைக்கும்.

விண்வெளிக்குப் போய்வந்தது என்று யார் சொன்னாலும், யார் கொண்டுபோனார், அவரிடமிருந்து யார் யார் கை மாறி வந்தது என்று பெயரோடு கேளுங்கள். பின்பக்கப் படம் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். முன்பணமாக இஎஃப்டி, அதாவது வங்கியிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்புவது, வேண்டாம், ஒருமுறை போன பணத்தை வங்கி தானாகத் திருப்பித் தராது.

20,000 ரேண்ட் வரைக்கும் வழக்கறிஞர் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். என் கடிதம் எழுதித் தயாராக இருக்கிறது. பார்சலில் அவர் போட்டிருந்த முகவரி வெறும் கூரியர் கவுண்டர். அவரிடம் நேரில் போய் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இடத்தை எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், அது தெரியாமல் சம்மனை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?