கிவா திட்டம்: வகுப்பைத் திருத்துகிறது, சொல்லத் தெரியாத பிள்ளையைத் தவறவிடுகிறது

ஃபின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியின் குழு உருவாக்கியது கிவா, பள்ளியில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சீண்டுவதைத் தடுக்கும் திட்டம். 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடக்கிறது. ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, மிகைத் துறுதுறுப்பு), அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளைச் சீண்டலிலிருந்து இது காக்குமா? பாதி காக்கும்.

இதன் பலம், சீண்டுகிற பிள்ளையோடு நில்லாமல், சுற்றி நின்று சிரிக்கும் கூட்டத்தையும் குறிவைப்பது. தொடக்கப்பள்ளி வகுப்புகளில் மாதம் ஒருமுறை இரட்டைப் பாடவேளை இதற்கென்றே உண்டு. இந்தப் பிள்ளைகளைக் கத்தவும் அழவும் வைத்து வேடிக்கை பார்ப்பதுண்டு. சிரிக்க ஆளில்லை என்றால் அந்த ஆட்டம் பிசுபிசுத்துவிடும்.

புகார் வந்தபின் செய்வதும் ஒழுங்காக இருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில் பேசுவார்கள். பிறகு சீண்டியவர்களை முன்னறிவிப்பின்றி ஒவ்வொருவராக அழைப்பார்கள், கதை ஜோடிக்க நேரம் தராமல். ஓரிரு வாரம் கழித்து மறுபடி விசாரிப்பார்கள்.

சிக்கல் அதற்கு முன்பே. ஆண்டுக் கணக்கெடுப்பு, கடந்த இரண்டு மாதங்களில் எத்தனை முறை சீண்டப்பட்டாய் என்று பிள்ளையையே கேட்கிறது. காலக்கணக்கு பிடிபடாத பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்லும்? "செய்து காட்டு, நண்பனாக வைத்துக்கொள்கிறோம்" என்று கோமாளியாக்குபவர்களைச் சில பிள்ளைகள் நண்பர் பட்டியலில்தான் எழுதும். ஏடிஹெச்டி பிள்ளையின் நிலை இன்னும் மோசம்: பத்து முறை மற்றவர்கள் அவன் பென்சிலைத் தட்டிவிடுவதை யாரும் பார்ப்பதில்லை, பதினோராவது முறை அவன் அடிப்பது மட்டும் தெரிகிறது. தனித்தனி விசாரணையில் அவனே குற்றவாளி ஆகிவிடுவான்.

எனவே கிவாவை வாங்கும் பள்ளிகள் சிலவற்றைத் தாங்களே சேர்க்க வேண்டும். பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பயமான இடத்துக்குச் சிவப்பு, பரவாயில்லாத இடத்துக்குப் பச்சை தீட்டச் சொல்லுங்கள். கழிப்பறையும் பேருந்து வரிசையும் விட்டுப்போகக் கூடாது. "உன்னைச் சீண்டினார்களா?" என்று கேட்காதீர்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் பலர் எதற்கும் ஆமாம் சொல்லிவிடுவார்கள். "இடைவேளையில் யார் பக்கத்தில் இருந்தார்கள், அப்புறம் என்ன நடந்தது?" என்று படம் வைத்துக் கேளுங்கள். அடிதடி என்றால், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தை எழுதாமல் முடிவுக்கு வராதீர்கள்.

பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக நிற்க இரண்டு முதல் நான்கு வகுப்புத் தோழர்களைக் கேட்பதும் கிவாவில் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். இல்லையேல் எப்போதும் அதே பொறுமைசாலி மாணவி தலையில் விழும், ஒரு பருவத்துக்குள் அவளும் ஒதுங்கிவிடுவாள்.