மதுரையில் கிழங்கு பிகோனியா: நாலு சீசன் வளர்த்துப் பார்த்ததில்

கொடைக்கானல் போய்விட்டு வருகிறவர்கள் எல்லாம் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். 2021 டிசம்பரில் அங்கே ஒரு நர்சரியில், ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இதழ் வைத்த ஆரஞ்சு நிறப் பூவைப் பார்த்தேன். செடி ஒரு ஜாண்தான், பூவோ கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். மூன்று தொட்டி வாங்கிப் பின் சீட்டில் வைத்துக் கொண்டுவந்தால், வத்தலக்குண்டு இறங்குவதற்குள் இரண்டு பூ உதிர்ந்து கிடக்கிறது. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நர்சரியில் இதை வெறும் பிகோனியா என்றுதான் விற்பார்கள். ஆனால் பளபளப்பான சின்ன இலையும் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூவுமாக வருஷம் முழுக்க நிற்கிற மெழுகு பிகோனியா வேறு, மண்ணுக்குள் கிழங்கு வைக்கிற இது வேறு. குட்டை ரகத்தில் பெயர் பெற்றது ஜெர்மனியின் பெனரி என்ற விதை நிறுவனம் கொண்டுவந்த நான்ஸ்டாப் வரிசை. 20, 25 சென்டிமீட்டருக்கு மேல் போகாது, முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. பெயர்தான் நான்ஸ்டாப், நம்ம ஊரில் நன்றாகவே ஸ்டாப் ஆகும்.

முதல் வருஷம் மொட்டை மாடியில் மல்லிகைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்து, மல்லிகைக்கு ஊற்றின மாதிரியே தினமும் ஊற்றினேன். மல்லிகைக்கு வெயில் சாப்பாடு, இதற்கு அது தண்டனை. தை பிறப்பதற்குள் இரண்டு செடி மண்மட்டத்தில் தண்டு பழுப்பாகி, கொழகொழத்துச் சாய்ந்துவிட்டன. மூன்றாவது மாசியில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. சரி, தொட்டியாவது மிஞ்சட்டும் என்று கவிழ்த்தேன். மண்ணோடு அஞ்சு ரூபாய்க் காசு அகலத்தில் பழுப்பாக ஒன்று வந்து விழுந்தது. ஒரு பக்கம் குவிந்து வேர் முடியாக இருக்கிறது, மறுபக்கம் நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. அதுதான் கிழங்கு, உயிரோடுதான் இருந்தது. அதை நான் அடுத்த சீசனில் தலைகீழாக நட்டேன் என்பது தனிக்கதை. குழி மேலே பார்க்க வேண்டும், முளை அங்கேயிருந்துதான் வரும். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், அதனால் ஓரமாகத்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது வருஷம் ஆன்லைனில் ஆறு கிழங்கு வரவழைத்தேன். இரண்டு சருகாக வந்தன, புகார் செய்தும் பதில் இல்லை. மிச்சத்தில் பாதியைக் கொல்லைப்புறத்தில் வேப்பமரத்து நிழலில் பாத்தி கட்டி நட்டேன். எங்கள் பக்கம் களிமண், ஐப்பசி மழை விட்டாலும் நாலு நாளைக்கு ஈரம் காயாது. ஒன்று அழுகியது, இன்னொன்றை நத்தை ஒரே ராத்திரியில் காம்போடு முடித்துவிட்டது. அடுத்த வருஷம் செங்கல் அடுக்கி மேடாக்கி, ஆற்று மணலும் மண்புழு உரமும் கலந்து நாலு கிழங்கு வைத்ததில் பூத்தது ஒன்றே ஒன்று. அதுவும் வேப்பமர வேரோடு சண்டை போட்டுச் சோனியாகத்தான் இருந்தது. மதுரையில் தரையில் நடுவதை அதோடு விட்டுவிட்டேன். இதே கிழங்கில் இரண்டைக் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கொடுத்தேன். அவர் காபிச் செடி ஓரமாகச் சும்மா தரையில் குழி பறித்து வைத்தார், உரம்கூடப் போடவில்லை. ஆவணியில் போய்ப் பார்க்கிறேன், தட்டு மாதிரி பூ! வயிறு எரிந்தது.

சரி, தொட்டிக்கு வருவோம். ஆறு அங்குல மண்தொட்டிதான் சரி. பிளாஸ்டிக்கும் குரோ பேக்கும் சூடு பிடித்துக்கொள்கின்றன. தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். எங்கள் போர் தண்ணீரும் உப்புதான். அதை ஊற்றினால் பத்து நாளில் இலை ஓரம் காய்ந்து சுருளும். ஐப்பசி மழையில் டிரம் நிறையப் பிடித்து வைத்துக்கொள்கிறேன், மாசி வரை தாக்குப்பிடிக்கும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் காலையில், இலையில் படாமல். கிழக்குப் பார்த்த பால்கனியில் எட்டரை மணி வெயில் வரைக்கும் போதும், அதற்கு மேல் நிழல் வலை.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மூன்றாவது வருஷம் மார்கழியில் செடி அப்படியே நின்றுவிட்டது. ராத்திரி இருபது இருபத்தொரு டிகிரிக்கு இறங்குகிறது, இதைவிட நல்ல சீதோஷ்ணம் மதுரையில் கிடையாது, ஆனாலும் மொட்டு கொட்டுகிறது, இலை மஞ்சளாகிறது. உரம் போட்டேன், அது இன்னும் மோசம். காரணம் வெயிலும் இல்லை, உரமும் இல்லை, பகல் நீளம். இதன் மூதாதைகள் பொலிவியா, பெரு மலைகளில் இருந்து போனவை என்றாலும் கலப்பு ரகங்களாக வளர்ந்தது ஐரோப்பாவில், கோடையில் பதினாறு மணி நேரம் பகல் இருக்கிற ஊர்களில். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே போனால், குளிர்காலம் வருகிறது என்று நினைத்துப் பூப்பதை விட்டுக் கிழங்கு கட்டப் போய்விடும். மதுரையில் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரம்தான். அதனால் பால்கனியில் ஒரு 9 வாட் எல்இடி பல்பைத் தொங்கவிட்டு, பொழுது சாய்ந்ததில் இருந்து ஒன்பதரை வரை எரியவிட்டேன். எதிர்வீட்டு அக்கா யாருக்காக இந்த விளக்கு என்று கேட்டுவிட்டார். மூன்று வாரத்தில் புது இலை, தையில் மொட்டு. நாலு வருஷத்தில் நான் செய்த உருப்படியான ஒரே காரியம் இந்தப் பல்புதான்.

மொட்டு வந்ததும் கவனியுங்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு பெரிய மொட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னதும் இருக்கும். நடுவில் இருப்பது ஆண் பூ, அதுதான் அடுக்கு இதழ். பக்கத்தில் இருப்பவை பெண் பூக்கள், ஒற்றை அடுக்கு, இதழுக்குப் பின்னால் மூன்று இறக்கை வைத்த பச்சைக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். அவற்றை நகத்தால் கிள்ளிவிட்டால் நடுப்பூ பெரிதாகும். எனக்கு மனசு வராமல் ஒரு தொட்டியில் மட்டும் விட்டுவைப்பேன்.

பங்குனி வந்ததும் போராடாதீர்கள். கத்திரி வெயிலில் இதைக் காப்பாற்ற ஈரத்துணி, விசிறி எல்லாம் முயன்றேன், வீண். தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் தண்டு தானாகக் கழன்று விழும். அறுக்க வேண்டாம், மிஞ்சின கட்டை அழுகிக் கிழங்கையும் கெடுக்கும். கிழங்கை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, கந்தகத்தூள் தடவி, காய்ந்த நார்க்கழிவோடு காகிதக் கவரில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கிறேன். போன வருஷம் அம்மா அதைக் கருணைக்கிழங்கு என்று எடுத்துத் தோல் சீவ உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பார்த்துவிட்டேன். இதில் ஆக்சலேட் உண்டு, கிழங்கில்தான் அதிகம், வாயும் தொண்டையும் எரிந்து போகும். இப்போது கவர் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது.

வருஷம் முழுக்கப் பூ வேண்டும், தரையில் வேண்டும் என்பவர்கள் மெழுகு பிகோனியாவோ புள்ளி இலை வைத்த உயரமான தண்டு பிகோனியாவோ வாங்குங்கள். கொஞ்சம் நிழல் இருந்தால் மதுரையில் சண்டை இல்லாமல் நிற்கும். கிழங்கு ரகம் தை, மாசி என்று இரண்டு மாசத்து விருந்தாளி. அதற்காக ஒரு பல்பு, ஒரு டிரம் மழைத்தண்ணீர், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு ஒதுக்க வீட்டில் சம்மதித்தால் வையுங்கள்.

என்னிடம் இப்போது ஏழு கிழங்கு இருக்கிறது. தெரிந்தவர்கள் பங்குனியில் வந்து கேட்டால் ஒன்றிரண்டு தருவேன். தையில் பூவைப் பார்த்துவிட்டுத் தொட்டியோடு கேட்டால் கிடையாது.