லைன் போனாலும் வேலை நிக்காத டூல்ஸ்: மோஷ், டீமக்ஸ், ஆர்சிங்க், கிவிக்ஸ் – மலைநாட்டுல இருந்து ஒரு ரிவியூ

ஐடி வேலைக்குக் கட்டாயம் வேண்டிய டூல்ஸ்னு தேடினா வண்டி வண்டியா லிஸ்ட் வருது, ஆனா எழுதினவங்க எல்லாரும் பைபர் லைன் பக்கத்துல உக்காந்து எழுதினவங்கன்னு ரெண்டு வரி வாசிக்கும்போதே விளங்கிரும். நம்ம இலங்கை மலைநாட்டுல ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் இருந்து வேலை செய்றவங்களுக்கு அதுல பாதி சரிவராது. இங்க ஒரு டூல் நல்லதா இல்லையான்னு நான் பாக்கிறது ஒன்னே ஒன்னுதான், இன்டர்நெட் லைன் போன நேரத்துல அது என்ன பண்ணுது. டார்க் மோட் இருக்கா, ஐகான் வடிவா இருக்கா, அதெல்லாம் பிறகு.

நான் டிக்கோயா பக்கம் வீட்டுல இருந்துக்கிட்டே கொழும்பு கம்பெனி ஒன்னோட லினக்ஸ் சர்வர்களைப் பாத்துக்கிறேன். காத்தடிச்சா மரக்கிளை கம்பி மேல விழுந்து கரண்ட் போகும், கரண்ட் வர லேட்டானா டவர் பேட்டரியும் எறங்கி சிக்னலும் படுத்துரும். 2022 மார்ச் கடைசில நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்களே, அந்தக் காலத்துலதான் நான் இதெல்லாம் தேடித் தேடிப் போட்டேன். கரண்ட் இப்ப அவ்வளவு மோசமில்ல, ஆனா போட்ட டூல்ஸை எடுக்க மனசு வரல.

முதல்ல மோஷ், தூரத்துல உள்ள சர்வருக்குள்ள போய் கட்டளை அடிச்சு வேலை பாக்குற டூல். இதைப் பத்திதான் கூட எழுதப் போறேன், ஏன்னா மத்ததெல்லாம் இல்லாட்டியும் சமாளிச்சுக்கலாம், இது இல்லாம இங்க சர்வர் வேலை பாக்குறது நரகம். அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல கீத் வின்ஸ்டீன், ஹரி பாலகிருஷ்ணன் ரெண்டு பேரும் 2012ல இதைப் பத்தி கட்டுரை போட்டாங்க. ஓபன் சோர்ஸ், காசு இல்ல. இதே வேலைக்கு வழக்கமா எல்லாரும் போடுற எஸ்எஸ்எச் பாவிக்கிறவங்களுக்குத் தெரியும், லைன் ஆடினா ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு போயிரும், அடிக்கிற எழுத்து ஒன்னும் வராது, கொஞ்ச நேரம் கழிச்சு புரோக்கன் பைப்னு சொல்லிட்டு வெளிய தள்ளிரும். எஸ்எஸ்எச் ஓடுறது டிசிபி (டேட்டா வரிசையா போய்ச் சேந்துச்சான்னு உறுதி பண்ணி அனுப்புற முறை) மேல, டிசிபி கனெக்சனுக்கு ரெண்டு பக்கத்து ஐபி அட்ரசும் போர்ட்டும்தான் அடையாளம், வீட்டு ரவுட்டர் போய் டொங்கலுக்கு (சிம் போட்டு லேப்டாப்ல குத்துற மோடம்) மாறினா ஐபியும் மாறிரும், அப்ப பழைய கனெக்சன் செத்த கணக்குதான். சரி ஐபி மாறல, லைன் மட்டும் போய் வந்துச்சுன்னு வைங்க, அப்பவும் டிசிபி மறுபடி அனுப்பிப் பாக்குற இடைவெளியை ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கிட்டே போறதால சிக்னல் வந்த பிறகும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும்.

மோஷ் லாகின் பண்றதுக்கு மட்டும் எஸ்எஸ்எச்ச பாவிக்கும். உள்ள போனதும் சர்வர்ல மோஷ் சர்வர்னு சின்ன புரோகிராம் ஒன்ன எழுப்பி விட்டுட்டு, அதுக்கப்புறம் எல்லாம் யூடிபி, அதாவது போய்ச் சேந்துச்சான்னு காத்திருக்காம பாக்கெட் பாக்கெட்டா அனுப்புற முறை. யார் பேசுறாங்கன்னு அது ஐபிய வச்சுப் பாக்குறதில்ல, பாக்கெட்ட பூட்டியிருக்கிற சாவிய வச்சுத்தான் கண்டுபிடிக்குது, அதால நீங்க வைபைல இருந்து டொங்கலுக்கு மாறினாலும், லேப்டாப்பை மூடி வச்சுட்டு மறுநாள் காலைல வேற எங்கயாவது தொறந்தாலும் செசன் அதே இடத்துல இருக்கும். இன்னொன்னு, சர்வர்ல இருந்து வர்ற எல்லா எழுத்தையும் அது வரிசையா அனுப்பப் பாக்காது, இப்ப ஸ்கிரீன்ல என்ன இருக்கணுமோ அதை மட்டும்தான் அனுப்பும். தெரியாம ஒரு பெரிய லாக் பைலை கேட் (பைலை அப்படியே ஸ்கிரீன்ல கொட்டுற கட்டளை) பண்ணிட்டா எஸ்எஸ்எச்ல அது முழுசும் வந்து முடியிற வரைக்கும் கண்ட்ரோல் சி அடிச்சு அடிச்சு விரல் தேயும், மோஷ்ல அடிச்ச உடனேயே நிக்கும்.

இதை டெஸ்ட் பண்ண நம்ம பக்கத்துல நல்ல இடம் ஒன்னு இருக்கு. ஹட்டன்ல இருந்து கோட்டகலைக்கு ரயில்ல போறப்ப சிங்கமலை சுரங்கம் வருமே, அரை கிலோமீட்டருக்கு மேல நீளம், உள்ள போனா சிக்னல் சுத்தமா இல்ல. போனை லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் போட்டுக்கிட்டு மோஷ்ல ஒரு பேக்கப் ஓடுறதைப் பாத்துக்கிட்டே போனேன், சுரங்கத்துக்குள்ள போனதும் மேல ஒரு நீலப் பட்டி வந்து கடைசியா தொடர்பு கெடைச்சு இத்தனை செக்கன் ஆச்சுன்னு எண்ணிக்கிட்டே இருந்துச்சு, வெளிய வந்து சிக்னல் புடிச்சதும் பட்டி காணாமப் போய் பேக்கப் எங்க நிக்குதுன்னு காட்டிருச்சு. பக்கத்து சீட்டு அண்ணே என்ன தம்பி கேம் வெளயாடுறீங்களான்னு கேட்டாரு, ஆமாண்ணே ஒரு மாதிரி கேம்தான்னு சொல்லிட்டேன், சுரங்கத்துல விளக்கம் சொல்லி முடியுமா.

எழுத்து அடிக்கும்போது லேட்டா வர்றதுக்கும் அது ஒரு வழி வச்சிருக்கு. நீங்க அடிச்ச எழுத்து ஸ்கிரீன்ல எங்க வரும்னு அதுவே ஊகிச்சு உடனே காட்டிரும், லைன் ரொம்ப மோசமா இருந்தா அந்த எழுத்துக்கு அடியில கோடு போட்டு வைக்கும், சர்வர் ஓகே சொன்னதும் கோடு போயிரும். அவங்க கட்டுரைல ஒரு 3ஜி நெட்வேர்க்ல அளந்து பாத்திருக்காங்க, எஸ்எஸ்எச்ல ஒரு எழுத்து அடிச்சு ஸ்கிரீன்ல வர்ற நேரம் நடுக்கணக்குல 503 மில்லி செக்கன், மோஷ்ல 5க்கும் கீழ. 3ஜியே கெடைச்சா பெரிய விசயம்னு இருந்த தோட்டத்துல இருந்து வேலை பாத்தவன்கிற முறையில சொல்றேன், அந்த வித்தியாசம் கைக்கு நல்லாவே தெரியும்.

குறை இல்லாமலா. முதல் குறை, மேல ஸ்க்ரோல் பண்ணி பழைய வரிகளைப் பாக்க முடியாது, ஸ்கிரீன்ல உள்ளதை மட்டும் அனுப்புறதோட விலை அது. ரெண்டாவது, போர்ட் பார்வர்டிங் (வேற சாப்ட்வேரோட டேட்டாவையும் இதே கனெக்சன் வழியா கடத்துறது) இல்ல, டேட்டாபேஸ் ஒன்னுக்கு டனல் போடணும்னா மறுபடி எஸ்எஸ்எச்தான். மூணாவதுதான் பெரிய தலவலி, சர்வர்லயும் மோஷ் இருக்கணும், பயர்வால்ல யூடிபி 60000ல இருந்து 61000 வரைக்கும் தொறந்திருக்கணும். உங்க சொந்த சர்வர்னா பிரச்சினை இல்ல. ஆபிஸ் செக்கியூரிட்டி ஆளுங்ககிட்ட போய் ஆயிரம் போர்ட்டு தொறங்கன்னா அவங்க நம்மள பாக்குற பார்வையே வேற. ஆயிரமும் தேவையில்ல, ஒரு செசனுக்கு ஒன்னு போதும், பத்துப் பதினஞ்சு கேட்டா பெரும்பாலும் தந்துருவாங்க. அதுவும் முடியாதுன்னா எட்டர்னல் டெர்மினல்னு ஒன்னு இருக்கு, அது டிசிபில ஒரே ஒரு போர்ட்ல ஓடும், லைன் அறுந்தா தானா ஒட்டிக்கும், ஸ்க்ரோலும் வேலை செய்யும், ஆனா எழுத்தை ஊகிச்சுக் காட்டுற வேலை அதுல இல்ல.

சில்லறைக் குறையும் சொல்லிர்றேன். சர்வர்ல யூடிஎப் 8 லொக்கேல் (மொழி, எழுத்து செட்டிங்) இல்லாட்டி மோஷ் கெளம்பவே கெளம்பாது, புதுசா போட்ட சர்வர்ல இதுதான் முதல்ல மாட்டும். லேப்டாப் பேட்டரி எறங்கி ஆப் ஆனா சர்வர் பக்கத்து மோஷ் அநாதையா நின்னுக்கிட்டு இருக்கும், அடுத்த தடவை உள்ள போறப்ப பழசு ஒன்னு இருக்குன்னு சொல்லும், நீங்கதான் கில் பண்ணணும். வின்டோஸ்ல நேரா ஓடாது, வின்டோஸ்குள்ள லினக்ஸ் ஓட்டுற டபிள்யூஎஸ்எல் போட்டு அதுக்குள்ள ஓட்டணும். ஆண்ட்ராய்ட் போன்ல டெர்மக்ஸ்னு லினக்ஸ் கட்டளை அடிக்கிற ஆப் இருந்தா அதுல அழகா ஓடும், கரண்ட் இல்லாத ராத்திரில எனக்கு அதுதான் ஆபிஸ். புது வேர்சன் வர்றதும் ஆமை வேகம், 1.3.2 வந்தது 2017ல, 1.4.0 வந்தது 2022ல. ஆனா வேலை செய்ற சாமானை ஏன் நோண்டணும்.

அந்த அநாதை செசன் பிரச்சினைக்கும் ஸ்க்ரோல் பிரச்சினைக்கும் மருந்து டீமக்ஸ். இது 2007ல இருந்து இருக்கு, அதுக்கு முந்தியே 1987ல வந்த ஸ்கிரீன்னு ஒன்னு இருந்துச்சு, அதோட வேலையைத்தான் இது கொஞ்சம் சுத்தமா செய்யுது. வேலை சர்வர்ல உள்ள டீமக்ஸ்குள்ள ஓடும், நீங்க அதை எட்டிப் பாக்குற ஆள் மட்டும்தான். கண்ட்ரோல் பி அடிச்சு டி அடிச்சா வெளிய வரலாம், பிறகு எந்த மெசின்ல இருந்து வேணும்னாலும் அட்டாச் பண்ணலாம், இங்க லேப்டாப் செத்தாலும் அங்க அப்டேட் பாதில நிக்காது. டேட்டாபேஸ் அப்கிரேட் மாதிரி வேலையை டீமக்ஸ் இல்லாம வெறும் எஸ்எஸ்எச்ல மழைக்காலத்துல ஆரம்பிக்கிறவங்களுக்கு கோயில் நேர்த்திக்கடன்தான் துணை. கீ காம்பினேசன் பழகுறது ஆரம்பத்துல எரிச்சல், காப்பி பேஸ்ட் இன்னும் எரிச்சல். மோஷ் போட முடியாத எடத்துல எஸ்எஸ்எச்சும் டீமக்ஸும் சேத்துப் போட்டாலே முக்காவாசி நிம்மதி.

பைல் அனுப்புறதுக்கு ஆர்சிங்க் போதும், 1996ல வந்தது, இன்னும் அதை அடிச்சுக்க ஆளில்ல. கேபிட்டல் பி ஆப்சன் போட்டா பாதில நின்ன பைலை அழிக்காம வச்சிருந்து அடுத்த தடவை மிச்சத்தை மட்டும் அனுப்பும். பாதில நின்னா தொடரத் தெரியாத எஸ்சிபி கட்டளையைப் பாவிச்சு 2 ஜிபி பைலை தொண்ணூறு பெர்சென்ட்ல தொலைச்சவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

புரோகிராம் கோடோட மாத்தங்களை சேமிச்சு வைக்கிற கிட் பத்தி ஒரு கொறை சொல்லியே ஆகணும். லைன் இல்லாமலே கொமிட் பண்ணலாம், பிரான்ச் போடலாம், முழு ஹிஸ்டரியும் கையில இருக்கும், எல்லாம் சரி, ஆனா முதல் தடவை குளோன் (முழு கோடையும் எறக்குறது) பண்றப்ப பாதில அறுந்தா விட்ட எடத்துல இருந்து தொடராது, திரும்ப முதல்ல இருந்துதான். பெரிய ரெப்போ (கோடு தொகுப்பு)ன்னா இங்க அது நடக்காத காரியம். வழி என்னன்னா டெப்த் 1ன்னு போட்டு கடைசி கொமிட் மட்டும் எறக்கிட்டு பிறகு பழைய ஹிஸ்டரியை கொஞ்சம் கொஞ்சமா டீபன் பண்ணி எறக்குறது, இல்லாட்டி நல்ல லைன் உள்ள சர்வர்ல குளோன் பண்ணி, கிட் பண்டில்னு ஒரே பைலா கட்டி, அதை ஆர்சிங்க்ல இழுக்கிறது. நான் எப்பவும் ரெண்டாவது வழிதான்.

இனி வாசிக்கிற சாமான். இப்ப எல்லாரும் ஏஐகிட்ட கேட்டுக்கோன்னு சொல்றாங்க, கேக்கலாம், ஆனா லைன் போன நேரத்துலதானே நமக்கு சந்தேகமே வருது. சீல்னு ஒரு சாப்ட்வேர் வின்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடும், பைத்தன், பிஎச்பி, பாஷ்னு வேண்டியதோட டாக்குமென்டேசனை எறக்கி வச்சுக்கிட்டு நெட் இல்லாம தேடலாம், தேடல் மின்னல் மாதிரி இருக்கும். பிரவுசர்லயே வேணும்னா டெவ்டாக்ஸ், இப்ப அதைப் பராமரிக்கிறது ப்ரீகோட்கேம்ப், பாக்க சீலை விட அழகு. ஒரே கவனம், அது சேமிக்கிறது பிரவுசருக்குள்ள, வீட்டுல யாராவது பிரவுசர் டேட்டாவ கிளியர் பண்ணினா எறக்கினதெல்லாம் போச்சு. அதால எனக்கு சீல்.

கிவிக்ஸ்தான் எனக்கு ஆச்சரியம். விக்கிப்பீடியாவ ஆப்லைன்ல வாசிக்க 2007ல ஆரம்பிச்சது, இப்ப அதுல ஸ்டாக் ஓவர்ப்ளோ, சர்வர் பால்ட், யுனிக்ஸ் லினக்ஸ்னு ஐடி ஆளுங்க கேள்வி கேட்டு பதில் வாங்குற தளங்கள் எல்லாம் சிம் (ZIM)னு ஒரு பைல் வடிவத்துல கெடைக்குது. அந்தத் தளங்கள்ல எழுதினது எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல இருக்கிறதாலதான் இப்படி கட்டித் தர முடியுது. ஸ்டாக் ஓவர்ப்ளோல கேள்வி கேட்டா இது ஏற்கனவே கேட்டாச்சுன்னு மூடிருவாங்க, புதுசா வந்த பிள்ளைங்க அதுல நொந்து போறது எனக்குத் தெரியும், எனக்கும் அந்த ஆளுங்க மேல கோபம் உண்டு. ஆனா 2008ல இருந்து சேந்த பதில் அவ்வளவும் நெட் இல்லாம கையில இருக்கும்போது கோபமெல்லாம் மறந்து போயிரும். தேடல்தான் கொஞ்சம் சுமார், கூகுள்ல தேடுற மாதிரி வளவளன்னு அடிச்சா கெடைக்காது, எரர் மெசேஜ்ல உள்ள முக்கியமான சொல்லை மட்டும் போடணும்.

கிவிக்ஸ் சர்வ்னு கூடவே ஒன்னு வருது, அதை பழைய லேப்டாப் ஒன்னுல ஓட விட்டா வீட்டு வைபைல உள்ள எல்லா போன்லயும் பிரவுசர்லயே பாக்கலாம். எங்க லயத்து (தோட்டத்து வரிசை வீடு) பக்கத்துப் பிள்ளைங்க, ஏஎல் (உயர்தரப் பரீட்சை)க்கு ஐசிடி பாடம் படிக்கிறவங்க, தமிழ் விக்கிப்பீடியாவ அதுல வாசிக்கிறாங்க, அதுவும் சிம் பைலா கெடைக்குது. ஆனா தொழில்நுட்பக் கேள்வி பதில் எல்லாம் இங்கிலீஷ்தான், அது பெரிய குறைதான். தமிழ்ல வேணும்னா கணியம் அறக்கட்டளை லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் பத்தியெல்லாம் இலவசமா மின்னூல் போட்டிருக்கு, தமிழ்நாட்டு ஆளுங்க எழுதினது, நடை நமக்குக் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும், ஆனா ஆரம்பிக்கிற பிள்ளைக்கு பயமில்லாம கையில குடுக்கலாம், பைலும் சின்னது.

எறக்கப் போறவங்களுக்கு ஒரு விசயம். சர்வர் பால்ட் பைல் நைட் டைம் டேட்டாவுலயே சமாளிக்கிற அளவுதான், டொரன்ட்ல போட்டுட்டு படுத்தீங்கன்னா இடையில லைன் போய் வந்தாலும் தொடரும். ஸ்டாக் ஓவர்ப்ளோ முழுசும் 70 ஜிபிக்கு மேல, அதை இங்க இருந்து எறக்க நெனைக்காதீங்க, டேட்டா காட் போட்டே சம்பளம் முடிஞ்சிரும், கொழும்புல பைபர் வச்சிருக்கிற மச்சான்கிட்ட ஒரு ஹார்ட் டிஸ்க் குடுத்து விட்டுட்டு தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க.