பினாங்குல ஐஸ் கச்சாங் சாப்பிடப் போறீகளா, முதல்ல ஐஸ் கட்டியப் பாருங்க

காரைக்குடில இருந்து பினாங்கு போறவுக ரூட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான், தண்ணீர்மலை முருகன், பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீடு, அப்பறம் சொந்தக்காரவுக வீட்டுச் சாப்பாடு. எங்க வீட்டுல ஐயா காலத்துல இருந்தே போக்குவரத்து, தண்ணீர்மலைன்னு பேரு வச்ச ஆளே ரெண்டு பேரு இருக்காக. இந்தத் தடவை நானும் ஆச்சியும் சாமி கும்பிட்டு எறங்குன கையோட ஐஸ் கச்சாங் தேடிக் கெளம்பிட்டோம். அந்த ஊரு புழுக்கத்துல வேற எதுவும் தொண்டைக்குள்ள எறங்காது.

தெரியாதவுகளுக்கு சொல்றேன், கிண்ணத்துக்கு அடியில செவப்பு பீன்ஸ், சோளம், கருப்பு ஜெல்லி, அத்தாப் கொட்டை (நம்ம நுங்குக்கு ஒண்ணுவிட்ட தம்பி, கொஞ்சம் கெட்டி), அதுக்கு மேல சீவுன ஐஸ குமிச்சு ரோஸ் சிரப், பாகு, டின் பால் எல்லாம் ஊத்திக் குடுப்பாங்க. சில கடை போர்டுல ஏபிசின்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்.

முதல்ல போனது டூரிஸ்ட் கூட்டம் அலைமோதுற கடை. அரைமணி நேரம் கியூ. ஃபோட்டோவுக்கு சூப்பரா இருந்துச்சு, மேல ஐஸ்கிரீம் உருண்டை வேற. ஸ்பூன விட்டா நறுக்கு நறுக்குனு சத்தம், ஐஸ் பூராவும் கல்லு. சிரப் மொத்தமும் அடிக்கு ஓடிருச்சு, மேல வெறும் வெள்ளை ஐஸ், கீழ சோளம் மெதக்குற சக்கரைத் தண்ணி. ஆச்சி ரெண்டு வாய் வச்சுட்டு "இதுக்கு நம்மூரு குச்சி ஐஸே தேவலைடா"ன்னு தள்ளி வச்சுட்டாக.

மறுநாள் ஒரு பழைய காப்பிக் கடைல, ஓரத்துல சின்ன ஸ்டால், பேரு எழுதுன போர்டு கூட இல்ல. ஒரு பெரியவரு ஐஸ் கட்டிய வெளிய எடுத்து வச்சுட்டு சும்மா நிக்கிறாரு, நமக்கு அவசரம், அவருக்கு இல்ல. செத்த நேரம் கழிச்சு வெரலால தடவிப் பாத்தாரு, கட்டி மேல இருந்த வெள்ளைப் பூப்பு போயி கண்ணாடியா வேர்த்துருந்துச்சு, அப்பறம்தான் மெஷின்ல மாட்டுனாரு. விஷயமே இதுல தான் இருக்கு. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த சூட்டோட (சூடுன்னா சொல்றது!) சீவுனா ஐஸ் நொறுங்கும், லேசா எளகுனப்பறம் சீவுனாத்தான் இழை இழையா விழும், அந்த இழைதான் சிரப்ப உறிஞ்சிப் பிடிச்சு வச்சுக்கும். வாய்ல போட்டதும் கரைஞ்சது, கடைசி ஸ்பூன் வரைக்கும் அதே ருசி.

பாகு குலா மலாக்கா, தென்னம்பாளைப் பதனீரக் காய்ச்சுன வெல்லம். பனங்கருப்பட்டி தின்னு வளந்த நமக்கு அந்தப் புகை வாசம் உடனே பிடிபட்டுரும். ரோஸ் சிரப்பக் கொறைச்சு பாகைக் கூட்டச் சொல்லுங்க.

கொறைன்னா சோளம்தான். டின்ல இருந்து வழிச்சுப் போட்ட சோளம் இனிப்புக்குள்ள எதுக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கல, வேணாம்னா முன்னாடியே சொல்லிருங்க, பெரியவரு ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல. மத்தியானத்துக்குள்ள போயிருங்க, நாங்க ரெண்டாவது கிண்ணம் கேக்கறதுக்குள்ள கட்டி தீந்துபோச்சு. ஆச்சி அந்தக் கோவத்துல எங்கிட்ட சாயங்காலம் வரைக்கும் பேசல.