‘ஃபுல்லி ரீஸ்டோர்டு’ 486 வாங்கப் பணம் அனுப்புமுன்

விளம்பரம் இது: 1990-களின் 486 டிஎக்ஸ்2-66 கம்ப்யூட்டர், 8 எம்பி ராம், 256 கேபி கேஷ், ஒரிஜினல் 420 எம்பி ஹார்டு டிஸ்க், 1.44 ஃப்ளாப்பி, சவுண்டு கார்டு. பேட்டரி புதிது, கெபாசிட்டர் எல்லாம் மாற்றியாயிற்று, 24 மணி நேரம் ஓட்டிப் பார்த்தது. விலை 28,000 ரூபாய், கூரியர் தனி. கூடவே டாஸ் திரை மின்னும் ஒரு வீடியோ.

பணம் முன்கூட்டியே போனது. பெட்டி வந்தது, ஓடவும் செய்தது. மூடியைக் கழற்றிய பிறகுதான் விளம்பரத்தில் சொன்னதற்கும் உள்ளே இருந்ததற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையை இதே வார்த்தைகளோடு செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். உள்ளே என்ன இருந்தது, பணம் போகுமுன் அதை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் பேட்டரி, ஏனென்றால் இந்த வயது மெஷின்களைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். 386, 486 மதர்போர்டுகள் பலவற்றில் கீபோர்டு சாக்கெட்டுக்கு அருகே பீப்பாய் வடிவத்தில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று சால்டர் வைத்திருப்பார்கள். உள்ளே 1.2 வோல்ட் செல் மூன்று. முப்பது வருடத்தில் அது கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கசிவதை ஆசிட் என்றே எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையில் அது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதனால் சமையல் சோடா போட்டுத் தேய்த்துப் பயனில்லை, வெள்ளை வினிகர்தான் அதை முறிக்கும்.

இந்த போர்டில் பழைய பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, அதே இரண்டு துளையில் சிஆர்2032 காயின் செல் ஹோல்டரை நேராகச் சால்டர் செய்திருந்தார்கள். ‘பேட்டரி புதிது’ என்றது இதைத்தான். போர்டில் உள்ள சுற்று, பவர் வந்ததும் அந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும், நிக்கல்-காட்மியத்துக்காக வடிவமைத்தது அப்படி. சிஆர்2032 சார்ஜ் ஏற்றக் கூடாத செல். ஏற்றினால் வீங்கும், கசியும், வெடிக்கவும் செய்யும். நடுவில், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றைப் போட்டால் இது தீர்ந்தது, விலை சில ரூபாய்தான். கோடு போட்ட முனை போர்டு பக்கம் இருக்க வேண்டும். 1என்4148 போட்டால் 0.6 வோல்ட் அளவுக்கு விழுந்துவிடும், சில போர்டுகளுக்கு மிச்சம் போதாது. 1என்5817 போன்ற ஷாட்கி டயோடில் இழப்பு குறைவு.

டயோடு இருக்கிறதா என்று பார்க்க வழி எளிது. காயின் செல்லை எடுத்துவிட்டு மெஷினை ஆன் செய்து, ஹோல்டரின் இரு முனைக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். கூடவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணையாகப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ஷாட்கியின் சின்னக் கசிவையே மீட்டர் முழு வோல்ட்டாகக் காட்டிப் பயமுறுத்தும். ரெசிஸ்டரோடும் 3, 4 வோல்ட் நின்றால் செல்லுக்கு சார்ஜ் போகிறது. இங்கே 4 வோல்ட்டுக்கு மேல் நின்றது.

எங்களைக் கேட்டால் காயின் செல்லே வேண்டாம். இந்த போர்டுகள் பலவற்றில் வெளி பேட்டரிக்கென்று நான்கு முள் ஹெட்டர் உண்டு. பெரும்பாலும் 1 பாசிட்டிவ், 4 கிரவுண்டு, ஆனால் போர்டுக்குப் போர்டு மாறும் என்பதால் மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள ஜம்பரை, அதாவது முள்களை இணைக்கும் சின்னத் துண்டை, ‘வெளி’ நிலைக்கு மாற்றி, மூன்று ஏஏ செல் போட்ட ஹோல்டரை நீள ஒயரில் இணைத்து கேபினட் சுவரில் ஒட்டிவிடலாம். 4.5 வோல்ட், தாராளம். கசிந்தாலும் போர்டில் படாது.

சரி, ஹோல்டருக்குக் கீழே? அங்கே பச்சை நிறத்தில் ஏதோ பூசியிருந்தது, நெயில் பாலிஷ் மாதிரி. சுரண்டினால் அடியில் செம்புக் கோடுகள் கறுத்துக் கிடந்தன. கீபோர்டு கன்ட்ரோலர் ஐசியின் சாக்கெட் கால்களில் பச்சைப் பூப்பு. கழுவவே இல்லை, மூடிவிட்டார்கள். இப்படிப் பூசினால் காரம் உள்ளேயே அடைபட்டு மெதுவாகத் தின்னும். இன்று ஓடும் மெஷினில் கொஞ்ச நாளில் கீபோர்டு வேலை செய்யாது, அதற்குள் விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

முறையான வேலை என்பது இது. ஹோல்டரைக் கழற்றி, வினிகர் தொட்ட பல்துலக்கும் பிரஷால் நுரை அடங்கும் வரை தேய்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். கறுத்த கோடுகளை ஃபைபர் கிளாஸ் பேனாவால் செம்பு பளிச்சிடும் வரை சுரண்டி, ஒவ்வொன்றையும் மீட்டரின் பஸ்ஸரில் இந்த முனை முதல் அந்த முனை வரை சோதிக்க வேண்டும். அறுந்ததற்கு 30 கேஜ் ஒயர் போட வேண்டும். பச்சை பிடித்த சாக்கெட்டைச் சுத்தம் செய்து பிரயோஜனமில்லை, புதிதாக மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தவர் கட்டாயம் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்திருப்பார், இந்த ஆர்வம் உள்ளவர்களின் குணம் அது. ஆகவே முதல் கேள்வி: பேட்டரி இருந்த மூலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டுக்கும் கிட்டத்துப் போட்டோ அனுப்ப முடியுமா? மழுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது ‘ரீகேப்’, அதாவது பழைய கெபாசிட்டர்களை மாற்றுவது. 486 போர்டில் அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் அதிகம் இருக்காது, பெரும்பாலும் சொட்டு வடிவ டான்டலம்தான். டான்டலத்தின் மேல் போட்ட கோடு பாசிட்டிவ் காலைக் காட்டும். எலக்ட்ரோலிட்டிக்கின் மேல் போட்ட கோடு நெகட்டிவ் காலை. இதைத் தெரியாமல், டான்டலத்தை எடுத்துவிட்டு எலக்ட்ரோலிட்டிக்கை, கோடு இருந்த இடத்தில் கோடு வருமாறு வைத்தால் தலைகீழாகத்தான் உட்காரும். இந்த போர்டில் 5 வோல்ட் லைனில் இரண்டு அப்படித்தான் இருந்தன. 16 வோல்ட் கெபாசிட்டர் என்பதால் உடனே வெடிக்கவில்லை, கை வைத்தால் சுட்டது, ஒன்றின் தலை உப்பத் தொடங்கியிருந்தது. 12 வோல்ட் லைனிலும் அதே 16 வோல்ட் சரக்கு. அங்கே 25 வோல்ட் போட வேண்டும். கெட்டுப்போகாத டான்டலத்தைத் தொட்டிருக்கவே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

பவர் சப்ளைக்குள்ளும் ‘புதிய’ கெபாசிட்டர்கள். எல்லாம் 85 டிகிரி சாதாரண ரகம். ஸ்விட்சிங் சப்ளையின் வெளியீட்டில் 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர், அதாவது உள் மின்தடை குறைந்த ரகம்தான் நிற்கும். ஹார்டு டிஸ்க் இணைப்பானில் மீட்டர் வைத்தால் சுமையோடு 5 வோல்ட் லைன் 4.6 காட்டியது. 4.75-க்குக் கீழே போகக் கூடாது. 12 வோல்ட்டுக்கு எல்லை 11.4 முதல் 12.6 வரை. இந்த நிலையில் 24 மணி நேரம் ஓட்டியதாகச் சொன்னதை நம்ப முடியவில்லை. சப்ளைப் பெட்டியை அனுபவம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

ஏடி என்ற இந்தப் பழைய வகை கேபினட்டில் இன்னொரு ஆபத்து, முன்பக்க பவர் ஸ்விட்ச். இப்போதைய கம்ப்யூட்டர் போல அது சிக்னல் ஸ்விட்ச் கிடையாது, 230 வோல்ட் நேராக அதற்கு வந்து போகும். இந்தப் பெட்டியில் நான்கு முனைகளில் இரண்டுக்கு இன்சுலேஷன் உறையே இல்லை, உலோகச் சட்டத்திலிருந்து விரல் அகலத் தூரம்கூட இல்லை. சப்ளையிலிருந்து போர்டுக்குப் போகும் பி8, பி9 இணைப்பான்களை மாட்டும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும், மாற்றிச் செருகினால் போர்டு போனது போனதுதான். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் பின்னால் உள்ள சிவப்பு ஸ்விட்ச் 115-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த நிலையில் உள்ளே வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கும் சுற்று இயங்கும். நம் 230-ஐக் கொடுத்தால், 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெபாசிட்டர்கள் சேர்ந்து 650 வோல்ட்டைத் தாங்க வேண்டி வரும். தாங்காது.

256 கேபி கேஷ், அதாவது சிபியுவுக்கும் ராமுக்கும் நடுவில் உள்ள வேகமான சின்ன நினைவகம், இந்த விஷயத்தில் விற்றவரே ஏமாந்திருக்கலாம். 1990-களின் நடுவில் மலிவு 486 போர்டுகள் சிலவற்றில், உள்ளே சிலிக்கானே இல்லாத பிளாஸ்டிக் துண்டுகளை கேஷ் சிப் என்று பதித்து விற்றார்கள். மெஷினைத் தொடக்கும் நிரலான பயோஸையும் திருத்தி, பூட் ஆகும்போது கேஷ் இருப்பதாகக் காட்ட வைத்தார்கள். கம்பெனி பெயர், பார்ட் நம்பர் எதுவும் இல்லாமல் சிப்பின் முதுகில் ‘ரைட் பேக்’ என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய, டாஸ் 6-ஐ எஃப்5 அழுத்தி வெறுமையாக பூட் செய்து கேஷ்செக் நிரலை ஓட்டுங்கள். உண்மையான கேஷ் இருந்தால் நினைவகத்தைப் படிக்கும் வேகம் மூன்று படியாக இறங்கும்: சிபியுவுக்குள் இருக்கும் 8 கேபி வரை ஒன்று, 256 கேபி வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. இங்கே 8 கேபியைத் தாண்டியதும் ஒரே சரிவுதான். முப்பது வருடத்துக்கு முந்தைய மோசடி இன்றும் ஒருவரை ஏமாற்றுகிறது என்பதில் ஒரு வேடிக்கை இல்லாமல் இல்லை.

ஹார்டு டிஸ்க்கில் செய்ததுதான் கைகாரத்தனம். 420 எம்பி டிஸ்க் உள்ளே இருந்தது, சுழன்றது, அந்தக் கால இரைச்சலும் வந்தது. ஆனால் அதற்கு பவர் ஒயர் மட்டும்தான். டேட்டா கேபிள் சிடி டிரைவ் அறைக்குள் போய் ஒரு கம்ப்யாக்ட் ஃபிளாஷ் மெமரி அட்டையில் முடிந்தது. டிஸ்க் சத்தம் போடுவதற்காக மட்டும். ஃபிளாஷ் அட்டை போடுவது தவறே இல்லை, நாங்களே அதைத்தான் சொல்வோம். பழைய பயோஸ்கள் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் அறியாதவை, அதாவது 504 எம்பி. அதைத் தாண்ட எக்ஸ்டி-ஐடிஈ என்ற கூடுதல் பயோஸை ஒரு ரோம் சிப்பில் எழுதி நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகினால் போதும். ஒளித்து வைத்து ‘ஒரிஜினல்’ என்று காசு வாங்கியதுதான் மோசடி. வீடியோ காலில் டேட்டா கேபிளைக் கையால் பிடித்து முனை வரை காட்டச் சொல்லுங்கள்.

ஃப்ளாப்பியும் அப்படித்தான். வீடியோவில் டிஸ்க்கை ஃபார்மட் செய்து, ஃபைல் எழுதி, படித்தும் காட்டினார்கள். ஹெட் இடம் விலகிய டிரைவ் தான் எழுதியதைத் தானே அழகாகப் படிக்கும், வேறு டிரைவில் எழுதியதை மட்டும் படிக்காது. இது அந்த ரகம். வேறு இடத்தில் எழுதிய டிஸ்க்கைப் படிக்க வைத்தால்தான் அது சோதனை.

கேபினட் முகப்பின் வெண்மை ஸ்பிரே பெயின்ட். பெராக்சைடும் வெயிலும் வைத்து மஞ்சளை எடுத்திருந்தால் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். இங்கே விரலுக்கு வழவழப்பு, மூலைகளில் பெயின்ட் திரண்டிருந்தது. முகப்பைக் கழற்றி உட்பக்க நிறத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

எங்கள் கருத்து இதுதான்: தூசியோடு, கை படாமல், ‘ஓடுமா தெரியாது’ என்று காயலான் கடையிலோ சென்னை ரிச்சி தெருவின் பழைய கடைகளிலோ கிடைக்கும் பெட்டி, இப்படி ‘ரீஸ்டோர்’ செய்ததைவிட எவ்வளவோ மேல். அங்கே கெட்டது கண்ணுக்குத் தெரியும். இங்கே முதலில் ஒருவர் செய்ததை அழித்துவிட்டுத்தான் வேலையையே தொடங்க வேண்டியிருக்கிறது.

புகார் சொன்னபோது வந்த பதில், ‘வின்டேஜ் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’. அப்படிச் சொல்லிவிட முடியாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால், சந்தைத் தளம் வழியாக விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. வீட்டில் கிடந்த ஒன்றை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு இது பொருந்தாது. தொடர்ந்து வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்குப் பொருந்தும், அவருடைய பழைய விளம்பரங்களே அதற்குச் சாட்சி. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

பெட்டியைப் பிரிக்கும்போது வெட்டாமல் வீடியோ எடுங்கள். விளம்பரத்தைப் பணம் அனுப்பும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இந்த விளம்பரத்தில் இருந்த ‘ஒரிஜினல் 420 எம்பி ஹார்டு டிஸ்க்’ என்ற வரி, புகார் போன பிறகு ‘420 எம்பி ஹார்டு டிஸ்க் உள்ளது’ என்று மாறிவிட்டது.