பெராக்சைடு பாட்டிலா, பெர்கார்பனேட் தூளா? சென்னை வீட்டுக்கு எது?

வெள்ளைத் துணியில் ஏறிய மஞ்சளையும் பூஞ்சைக் கறையையும் எடுக்க, பிளீச்சிங் பவுடரை விட்டால் இரண்டு வழி உண்டு. ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. இன்னொன்று 'ஆக்சிஜன் பிளீச்' என்று ஆன்லைனில் விற்கும் சோடியம் பெர்கார்பனேட். இரண்டிலும் வேலை செய்வது 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தேனார் கண்டறிந்த அதே பெராக்சைடுதான். அதன் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு பலவீனமானது. கறை போவதும் அதனால்தான், வைத்த இடத்திலேயே சரக்கு கெடுவதும் அதனால்தான். அதனால் நம் ஊரில் எது தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாட்டிலில் '20 வால்யூம்' என்று போட்டிருந்தால் அது 6 சதவீதக் கரைசல். 100 மில்லி முழுதும் சிதைந்தால் அதைப் போல 20 மடங்கு, அதாவது 2 லிட்டர் ஆக்சிஜன் வரும். வெப்பம் 10 டிகிரி கூடினாலே சிதைவு வேகம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் வைத்த பாட்டில், மூடியைத் திருகும்போது 'புஸ்' என்று காற்றை விடும். வெளிச்சமும் ஆகாது, துளி இரும்போ தாமிரமோ பட்டாலும் ஆகாது. மீந்ததைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றவே கூடாது. சரக்கு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, வெட்டிய உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விடுங்கள். கிழங்கிலுள்ள, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்சைம் பட்டதும் வெள்ளை நுரை பொங்க வேண்டும். வெறும் ஈரமாக நின்றால் அது தண்ணீர்தான்.

தூளில் அதே பெராக்சைடு சலவை சோடாவோடு ஒரே படிகத்தில் கட்டுண்டு இருக்கிறது, எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெயிலைத் தாங்கும், ஐப்பசி மழை ஈரத்தைத் தாங்காது. திறந்த பாக்கெட் கட்டி தட்டிவிடும். அதனால் சின்ன பாக்கெட்டாக வாங்கி, உலர்ந்த ஸ்பூனால் எடுங்கள். 40 முதல் 60 டிகிரிச் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். கோடை மதியத்தில் மேல்தொட்டித் தண்ணீரே பாதி வேலையை முடித்துவிடும். கரைத்ததை மட்டும் எதிலும் இறுக மூடி வைக்காதீர்கள். சலவை சோடாவின் காரத்தில் பெராக்சைடு வேகமாகச் சிதையும், பாட்டில் வெடிக்கலாம். செம்மண் நிறம் படியும் போர் தண்ணீரும் வேண்டாம், அதிலுள்ள இரும்பே பெராக்சைடைத் தின்றுவிடும்.

ஆக்சிஜனின் இன்னொரு வடிவமான ஓசோன் வாயு உதவாதா? கேன் தண்ணீர் ஆலைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். சேமிக்கவே முடியாது, தேவைப்படும் இடத்திலேயே தயாரிக்க வேண்டும். வீட்டுச் சலவைக்கு அது போட்டியே இல்லை.

என் ஓட்டு தூளுக்கே. வெள்ளைப் பருத்தியில் புதிதாகப் பட்ட ரத்தக் கறைக்கு மட்டும் பாட்டில். காயத்தில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், புதிதாக வளரும் திசுவையும் அது அரிக்கும். காஞ்சிப் பட்டுக்கு இரண்டுமே வேண்டாம். தூளின் காரம் பட்டு இழையைக் கெடுக்கும், ஜரிகையின் வெள்ளியும் தாமிரமும் பெராக்சைடைச் சிதைக்கும். அப்புறம், ஒரே வாளியில் பிளீச்சிங் பவுடரையும் இவற்றையும் சேர்த்துப் போடாதீர்கள். ஒன்றையொன்று அழித்து ஆக்சிஜனாக நுரைத்துப் போய்விடும், கறை அப்படியே இருக்கும்.